பழைய பஸ் நிறுத்தமும் பதினேழு வயது மூளையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் செம்பனைத் தோட்டத்திலிருந்து மோட்டாரில் டவுனுக்கு வருகிறான். பாலத்தைத் தாண்டினால் ஒரு பழைய பஸ் நிறுத்தம். முன்பு கூட்டாளிகளோடு சியாபு என்ற போதைப்பொருளை இழுத்த இடம். அதைப் பார்த்ததும் உள்ளங்கை வேர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது. யாரும் எதையும் நீட்டவில்லை. ஆனாலும் மூளை தயாராகிவிட்டது.

சியாபு, அதாவது மெத்தம்பெட்டமின், நரம்பணுக்களில் இருக்கும், ஆசையையும் இன்பத்தையும் தூண்டும் ரசாயனமான டோப்பமினை ஒரேயடியாகக் கொட்ட வைக்கும். அதற்குச் சற்று முன் கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எல்லாவற்றையும் மூளை அதோடு சேர்த்து முடிச்சுப் போட்டு வைக்கிறது: பஸ் நிறுத்தம், லைட்டர் சத்தம், சம்பள நாள். 'வேண்டாம், நிறுத்து' என்று சொல்ல வேண்டிய முன்மூளையோ இருபதுகளின் நடுவில்தான் முழுதாக முதிர்கிறது. புத்தி கெட்டவன் என்று திட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

"எங்கேயாவது ஆறு மாதம் அடைத்துப் போட்டால் திருந்திவிடுவான்" என்பார்கள் நம் வீடுகளில். அங்கே இருக்கும்வரை நன்றாகத்தான் இருப்பான், அங்கே அந்தப் பஸ் நிறுத்தம் இல்லையே! வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை 1970களில் லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். ஊர் திரும்பிய பிறகு அவர்களில் பெரும்பாலோர் மறுபடி அடிமையாகவில்லை. இடம் மாறியது ஒரு முக்கியக் காரணம் என்று சொல்வார்கள். நம் பையனுக்கு நடப்பது இதற்கு நேர் தலைகீழ்: போதையை வெளியூரில் விட்டுவிட்டு, முடிச்சுகள் காத்திருக்கும் ஊருக்கே திரும்புகிறான்.

வீட்டில் இருந்தபடியே கிளினிக்குக்குப் போய்வரும் சிகிச்சைக்கு இங்கேதான் பலம். ஆலோசகரோடு உட்கார்ந்து, எந்த நேரம், எந்த இடம், யாரோடு என்று பையன் பட்டியல் போடுகிறான். ஆசை அலை மாதிரி எழும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியும். அதுவரை என்ன செய்வது என்பதைப் பழகிப் பார்க்கிறான். அடுத்த வாரம் போய், எது பலித்தது, எங்கே சறுக்கியது என்று சொல்கிறான். சறுக்கினால் சிகிச்சை தோற்றது என்று அர்த்தமில்லை, திட்டத்தில் ஓட்டை எங்கே என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

சிறுநீர் டெஸ்டும் உண்டு. சியாபு பொதுவாக இரண்டு முதல் நான்கு நாள் வரைதான் சிறுநீரில் தெரியும், அதனால் வாரம் இரண்டு முறை எடுப்பது நல்லது. கஞ்சா அப்படியில்லை, நிறைய இழுத்தவரிடம் வாரக்கணக்கில் தெரியும். சில நாடுகளில் சுத்தமான டெஸ்டுக்குச் சின்னப் பரிசுச் சீட்டு கொடுக்கிறார்கள். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் சியாபு விஷயத்தில் மிக நன்றாகப் பலன் தந்த முறைகளில் அது ஒன்று. பரிசு உடனே கிடைப்பதுதான் சூட்சுமம்.

ஹெராயினுக்கு மெத்தடோன் இருக்கிறது, மலேசியாவில் 2005இல் தொடங்கினார்கள். சியாபுக்கு அப்படி நிரூபணமான மாற்று மருந்து கிடையாது. சம்சு என்ற மலிவுச் சாராயத்தில் ஊறிப்போனவர்கள் மட்டும் வீட்டிலேயே திடீரென நிறுத்தக் கூடாது. வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம், ஆஸ்பத்திரியில் சேர்வதுதான் சரி.

மூளை தேறுமா? 2001இல் நோரா வோல்கோவ் என்ற மூளை ஆய்வாளரின் குழு ஐந்து பேரின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. சியாபு வகைப் போதையை விட்டு ஓராண்டுக்கு மேலான பிறகு, குறைந்திருந்த டோப்பமின் கடத்திகள் (டோப்பமினை நரம்பணுவுக்குள் திரும்ப இழுப்பவை) ஓரளவு திரும்பியிருந்தன. ஐந்தே பேர்தான், ஆனாலும் நல்ல செய்தி.

அதுவரை பையன் பாலத்துப் பக்கம் போகாமல் சுற்றுப்பாதையில் வருகிறான். சம்பளம் அம்மா கையில். அப்புறம் ஒருநாள் அண்ணனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நேராக ஓட்டுகிறான். பழைய முடிச்சு அவிழ்ந்துவிடவில்லை, அதன் மேல் புதிதாக ஒன்று விழுந்திருக்கிறது.