ஓடுதளம் இல்லாத விமான நிலையங்கள்

1920களின் சிறு விமான நிலையம் ஒன்றின் வரைபடத்தில் ஓடுதளத்தைத் தேடினால் கிடைக்காது. ஏறக்குறைய சதுரமாகவோ வட்டமாகவோ ஒரு புல்வெளி, ஒரு மூலையில் தகரக் கொட்டகை, பக்கத்தில் கம்பம் நட்டு அதில் ஒரு துணிப்பை. அவ்வளவுதான். காசில்லாமல் அரைகுறையாக விட்டுவிட்டார்கள் என்று தோன்றும். உண்மையில் நீளமான ஒற்றைப் பட்டைதான் மலிவு. சதுரம் அதைப் போல இருபது மடங்கு நிலத்தைக் கேட்கும். அந்தச் செலவுக்குக் காரணம் விமானத்தின் காலில் இருந்தது. சக்கரத்துக்கு பிரேக் கிடையாது.

அந்தக் காலத்துப் பறக்கும் சங்கங்களில் பரவலாக இருந்த டி ஹாவிலண்ட் மாத் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். 1925இல் வந்தது. ஒட்டுப்பலகை உடலும் துணி போர்த்திய இறக்கைகளும் கொண்ட இரட்டை இறக்கை விமானம். ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து முக்கால் டன். முன்னால் இரண்டு சக்கரம். வாலுக்கடியில் டெயில் ஸ்கிட், அதாவது முனையில் இரும்பு அடித்த ஒரு கட்டை. இறங்கியதும் அந்தக் கட்டை மண்ணைக் கீறிக்கொண்டே வரும். அந்த உராய்வும் புல்லின் இழுவையும்தான் விமானத்தை நிறுத்தும். சிமெண்ட் தரையில் ஸ்கிட் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. இவ்வகை விமானத்தில் எடைமையம் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. பக்கவாட்டில் காற்று அடித்தால் அது வாலின் செங்குத்துப் பரப்பைத் தள்ளும். மூக்கு காற்றை நோக்கித் திரும்பும். கனம் பின்னால் இருப்பதால், ஒருமுறை விலகத் தொடங்கிய வால் தானாகத் திரும்பி வராது, இன்னும் வேகமாக வெளியே வீசும். விமானம் அப்படியே சுழன்று, வெளிப்புறக் கீழ் இறக்கையின் நுனி தரையில் இடித்து, உள்ளே இறக்கையைத் தாங்கும் ஸ்பார் என்ற மர உத்தரம் முறியும். இதற்கு கிரவுண்ட் லூப் என்று பெயர். ஆகவே காற்று எந்தத் திசையில் அடித்தாலும் அதற்கு நேர் எதிரே ஏறவும் இறங்கவும் இடம் வேண்டும். எல்லாத் திசையிலும் இடம் வேண்டுமென்றால் களம் சதுரமாக, வட்டமாகத்தான் இருக்கும்.

காற்றுக்கு எதிரே இறங்குவதில் எவ்வளவு லாபம்? மாத் சுமார் 64 கி.மீ. வேகத்துக்குக் கீழே போனால் காற்றில் நிற்காது. ஆடி மாதம் மதுரைப் பக்கம் 30 கி.மீ. மேல்காற்று அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்து இறங்கினால் தரையைத் தொடும் வேகம் 34 கி.மீ.; காற்றோடு இறங்கினால் 94. உராய்வு தின்று தீர்க்கவேண்டிய ஆற்றல் வேகத்தின் இருபடியாக ஏறும் என்பதால் வித்தியாசம் ஏழரை மடங்கு. பிரேக் இல்லாதவனுக்கு அந்த ஏழரை மடங்கை வேலியோ வரப்போதான் தீர்த்துவைக்கும்.

ரைட் சகோதரர்கள் இதை முதலிலேயே அனுபவித்தார்கள். 1903 டிசம்பரில் கிட்டி ஹாக் கடற்கரையில் பறந்தபோது குளிர்ந்த, அடர்ந்த காற்று. எதிர்க்காற்று 30 கி.மீ.க்குக் குறையாது. 1904இல் ஊருக்குத் திரும்பி, டேட்டன் அருகே ஹஃப்மன் என்ற வங்கியாளரின் மேய்ச்சல் நிலத்தில் தொடர்ந்தார்கள். 84 ஏக்கர், வாடகை கிடையாது; பறக்கும் முன் மாடு, குதிரைகளை வெளியே ஓட்டிவிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அங்கே உயரம் அதிகம், கோடை வெயில், காற்றோ மந்தம். அவர்கள் விமானத்துக்குச் சக்கரமே இல்லை. மரத் தண்டவாளத்தில் ஓடி எழும்ப வேண்டும். தண்டவாளத்தைக் காற்றுக்கு எதிரே போட்டு முடிப்பதற்குள் காற்று திசை மாறிவிடும். பிரித்து மறுபடி போட வேண்டும். கடைசியில் 1904 செப்டம்பரில் ஆறு மீட்டர் உயரச் சாரம் கட்டி, சுமார் 700 கிலோ எடையைக் கயிற்றில் விழவிட்டு, அந்த இழுவையில் விமானத்தை எறிந்தார்கள். காற்றின் தயவு வேண்டியிருக்கவில்லை.

பறப்பதற்கென்றே அமைத்த களங்களில் முந்தியது பாரிஸுக்குத் தெற்கே ஜுவிசியில் 1909 மே மாதம் திறந்த போர்ட் ஏவியேஷன். நம் நாட்டில் பம்பாய் ஜுஹூ 1928இல் வந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபாலோடு ஜுஹூ வந்து இறங்கியது வெறும் கடலோரத் தரையில்தான். மழைக்காலத்தில் அது சேறாகிவிட, சேவையைப் புனேக்கு மாற்றினார்கள். களத்தின் தலையெழுத்து மண்ணில் இருக்கிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

மதுரையைச் சுற்றி அப்படி ஒரு களம் அமைப்பதென்றால் எந்த மண்? திருமங்கலம், விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் பார்க்கப் பாய் விரித்த மாதிரி சமமாக இருக்கும், நம்பக் கூடாது. சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஸ்கிட் வெடிப்பில் மாட்டினால் வால் பெயர்ந்துவிடும். ஐப்பசி மழையில் அதே மண் ஊறி உப்பி, சக்கரத்தில் அப்பிக்கொண்டு உருளவே விடாது. மேலூர், சிவகங்கைப் பக்கத்துச் செம்மண்ணில் தண்ணீர் நிற்காது, ஆனால் சரளை உண்டு. புரொப்பல்லர் சுழலும்போது கீழே உறிஞ்சல் ஏற்பட்டுக் கல்லைத் தூக்கும். மரப் புரொப்பல்லரின் நுனி சிதையும். சரளையைப் பொறுக்கி, அருகம்புல் படரவிட்டு, உருளை போட்டால் நல்ல களம். கோடையில் வற்றிய கண்மாய் கண்ணுக்கு அழகான களம்தான், ஆனால் வண்டல், கருவேல மரக்கட்டைகள், பிறகு வருடத்தில் பாதி நாள் தண்ணீர். கோரை முளைத்திருக்கும் இடத்தைப் பார்த்தாலே விலகிவிடலாம், அடியில் ஈரம் நிற்கிறது என்று அர்த்தம். சமம் சரியா என்று பார்க்க இன்றும் சிறு களங்களில் செய்யும் சோதனை எளிது: சாதாரணக் காரை 50 கி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள், உள்ளே இருப்பவர் தூக்கிப் போடப்படாவிட்டால் போதும். கரையான் புற்று, பழைய வரப்பு, கைப்பிடிச் சுவரில்லாத கிணறு எல்லாம் இதற்கு முன்பே நடந்து பார்க்க வேண்டியவை.

அடுத்து பனை. களத்தின் விளிம்பில் 20 மீட்டர் பனை ஒன்று நின்றால், எட்டுக்கு ஒன்று என்ற சரிவில் இறங்கும் விமானம் அதைத் தாண்டித் தரையைத் தொடுவதற்குள் 160 மீட்டர் களம் வீணாகிவிடும். மாத்துக்கு ஃபிளாப், அதாவது இறங்கும்போது வேகத்தைக் குறைக்க இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடிக்கும் பலகை, கிடையாது. விமானத்தை ஒருபக்கம் சாய்த்து, எதிர்ப்பக்க ரடரை, அதாவது வால் சுக்கானை, மிதித்து, உடம்பைக் குறுக்கே காட்டி வேகம் கூடாமல் உயரத்தை இழப்பார்கள். கைதேர்ந்தவர்கள் பனையை இப்படிச் சமாளித்தாலும், களம் அமைப்பவர் பனையை வெட்டுவதே நல்லது.

நீளம் எவ்வளவு? பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறு விமானங்களுக்குச் சொல்லும் தோராயக் கணக்கு இங்கே உதவும். கடல்மட்டத்தில், 15 டிகிரியில், கெட்டித் தரையிலிருந்து எழும்பி 15 மீட்டர் உயரத்தைத் தொட ஒரு விமானத்துக்கு 300 மீட்டர் வேண்டும் என்போம். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 10 சதவீதம் கூட்டு. ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கினால் மதுரையின் 38 டிகிரியில் ஏறக்குறைய 375. ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் 10 சதவீதம். மதுரையின் 140 மீட்டர் (சுமார் 460 அடி) உயரத்துக்கு அதில் பாதி, ஆக 394. காய்ந்த புல்லுக்கு 20 சதவீதம், 473. பாதுகாப்புக்கு 1.33ஆல் பெருக்கினால் 630 மீட்டர் ஆகிறது. நனைந்த புல் என்றால் 20க்குப் பதில் 30 சதவீதம் போட வேண்டும். களத்தில் 2 சதவீத ஏற்றம் இருந்தால் மேலும் 10. வெயிலின் பங்கு இவ்வளவு பெரிதாக இருக்கக் காரணம், அந்த வெப்பமும் உயரமும் சேர்ந்து காற்றின் அடர்த்தி 9 சதவீதம் குறைந்து, விமானம் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருப்பது போல நடந்துகொள்வது. இறக்கை, புரொப்பல்லர், எஞ்சின் மூன்றும் ஒரே நேரத்தில் சோர்கின்றன. எல்லாத் திசையிலும் 630 மீட்டர் என்றால் 98 ஏக்கர். 30 மீட்டர் அகல ஒற்றைப் பட்டைக்கு 5 ஏக்கர்கூட வேண்டாம்.

கம்பத்தில் தொங்கும் அந்தத் துணிப்பை, அதாவது காற்றுப்பை, 15 நாட் (மணிக்கு 28 கி.மீ.) வேகத்தில் முழுசாக நீட்டி நிற்கும்படி தைக்கப்படும். பாதி தொங்கினால் அதற்கேற்ப மதிப்பிடலாம். பை இல்லாத ஊரில் விமானி வைக்கோல் புகையைப் பார்ப்பார், அல்லது கண்மாயை. காற்று வரும் பக்கத்துக் கரையோரம் தண்ணீர் அலையில்லாமல் கண்ணாடியாக இருக்கும். சற்றுத் தள்ளித்தான் சிற்றலை தொடங்கும்.

பெட்ரோல் டின்னில் வரும். டாட்டாவின் முதல் பயணத்தில் அகமதாபாத்துக்கு நாலு காலன் டின்கள் மாட்டுவண்டியில்தான் வந்தன. டின்னுக்குள் இரவு குளிரில் ஈரம் படிந்து அடியில் தண்ணீர் சேரும்; அது கார்புரேட்டருக்குப் போனால் எழும்பி ஐம்பது மீட்டரில் எஞ்சின் நின்றுபோகும். அதனால் புனலில் மெல்லிய ஷாமாய் தோலைப் போட்டு ஊற்றுவார்கள். முதலில் பெட்ரோலில் நனைத்த தோல் பெட்ரோலை விடும், தண்ணீரை மேலேயே நிறுத்திவிடும்.

எஞ்சினைக் கையால்தான் சுழற்றித் தொடங்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சுவிட்சை அணைத்து, எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை மூடி, புரொப்பல்லரை நாலைந்து சுற்று சுற்றினால் எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் சுவிட்ச் போட்டு ஒரு வீச்சு. விபத்து நடப்பது பெரும்பாலும் பெட்ரோல் மிகுந்து மூழ்கும்போது. அதை வெளியேற்ற சுவிட்சை அணைத்து, திராட்டிலை முழுக்கத் திறந்து, புரொப்பல்லரைப் பின்னோக்கிச் சுற்றுவார்கள். பிறகு திராட்டிலை மூட மறந்தால் அடுத்த வீச்சிலேயே எஞ்சின் முழுவேகத்தில் பிடித்து, விமானம் கட்டையைத் தாண்டி ஆளில்லாமல் ஓடும்.

இந்தக் களங்களை ஓய்த்தது விமானங்களின் கனம். மாத்தின் இறக்கையில் ஒரு சதுர மீட்டருக்கு விழும் சுமை 33 கிலோ. 1930களின் நடுவில் வந்த டிசி-3 பயணிகள் விமானத்தில் 125. அந்தக் கனத்தில் நனைந்த புல்லில் சக்கரம் புதையும். கெட்டித் தளம் போட்டே ஆக வேண்டும். பிரேக் வந்துவிட்டதால் ஓரளவு பக்கக்காற்றையும் சமாளிக்கலாம், எனவே எல்லாத் திசைக்கும் களம் வேண்டியதில்லை. மதுரை விமான நிலையத்தின் ஒரே ஓடுதளம் 09, 27 என்று எண்ணிட்ட 2,285 மீட்டர் பட்டை. 90, 270 பாகைகளில், கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஆடியின் மேல்காற்றும் மார்கழியின் கீழ்க்காற்றும் பெரும்பாலும் அதன் நீளத்தை ஒட்டியே வரும். தென்மேற்கிலிருந்து 30 கி.மீ. காற்று சாய்ந்து அடித்தால் குறுக்கே விழும் பங்கு 21 கி.மீ. மாத் விமானி என்றால் புல்வெளியில் 45 பாகை திரும்பி நின்று கிளம்பியிருப்பார். இன்று மதுரைக்கு வரும் ஏடிஆர் பயணிகள் விமானத்தின் விமானி ரடரை மிதித்துப் பட்டையின் நடுக்கோட்டிலேயே ஓட்டிக்கொண்டு போகிறார்.