40 சதவீத மழை வாய்ப்பை எப்படிப் படிப்பது?

சென்ற மாதம் ஒரு விவசாயி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம். திங்கட்கிழமை வெளியான வாராந்திர முன்னறிவிப்பில் வியாழக்கிழமைக்கு மழை வாய்ப்பு 40 சதவீதம் என்று இருந்திருக்கிறது. பாதிக்கும் குறைவுதானே என்று அறுத்த கதிரைத் திறந்த வெளியிலேயே விட்டுவிட்டார். வியாழன் பிற்பகல் கருத்துத் திரண்ட மேகம் முக்கால் மணி நேரத்தில் அத்தனையையும் நனைத்துப் போட்டது. பக்கத்து ஊரில் புழுதிகூட அடங்கவில்லை. "அப்படியென்றால் நீங்கள் சொன்னது பொய்தானே?" என்றார்.

பொய் இல்லை. ஆனால் அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று வானிலைத் துறையில் இருக்கும் நாங்கள் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அந்தக் குறை எங்களுடையது.

இதே நிலைமை உள்ள 10 நாட்களை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய 4 நாட்கள் அந்த இடத்தில் மழை பெய்யும் என்பதே 40 சதவீதத்தின் பொருள். எவ்வளவு நேரம் பெய்யும், எவ்வளவு பலமாகப் பெய்யும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. தூறலுக்கும் 40தான், கொட்டித் தீர்க்கும் மழைக்கும் 40தான்.

எண் எங்கிருந்து வருகிறது? 1961இல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லொரன்ஸ், முன்பு போட்ட ஒரு கணக்கைத் தன் கணினியில் மறுபடி போட்டபோது 0.506127 என்பதற்குப் பதிலாக 0.506 என்று கொடுத்தார். கணினி வரைந்த வானிலை சிறிது காலத்திலேயே முற்றிலும் வேறாகிப்போனது. தொடக்கத்தில் மயிரிழை வேறுபாடு இருந்தாலும் முடிவு தலைகீழாக மாறும் என்பதால், இன்று ஒரே கணக்கைச் சிறு மாறுதல்களுடன் பலமுறை போடுகிறோம். நடுத்தர கால வானிலை முன்னறிவிப்புக்கான ஐரோப்பிய மையம் 51 முறை போடுகிறது. அவற்றில் 20இல் மழை தெரிந்தால், வாய்ப்பு சுமார் 40 சதவீதம்.

சிற்றூர்களுக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கணக்கு நிலத்தை ஏறக்குறைய 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. உங்கள் ஊர் முழுவதும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். ஊரை ஒட்டிய குன்று அதன் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். இடிமழை மேகமோ சில கிலோமீட்டர் அகலம்தான். அது தெருவின் இந்தப் பக்கம் பெய்யுமா, அந்தப் பக்கமா என்று மூன்று நாள் முன்பே சொல்ல எங்களால் முடியாது.

ஆகவே வாரத்தின் ஏழு படங்களையும் ஒரே நம்பிக்கையோடு பார்க்காதீர்கள். முதல் இரண்டு நாட்களை வைத்து வேலையைத் திட்டமிடலாம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு வெயில் கூடுமா, காற்று திசை மாறுமா என்கிற போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் அதே வியாழக்கிழமையை மறுபடி பாருங்கள். 40 என்பது 55 ஆகி, 70 ஆகிறதா? நம்பலாம். 20, 60, 30 என்று தாவுகிறதா? கணக்கு இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அப்போது நான் மோசமான எண்ணையே கையில் வைத்துக்கொள்வேன். மூடிவைக்க ஆகும் சிரமம் சிறிது, நனைந்தால் வரும் நட்டம் பெரிது என்றால், 20 சதவீதமே போதும், தார்ப்பாயை எடுத்துவிடுங்கள்.

அன்றைய தினம் ரேடார் படமும் உங்கள் கண்ணும்தான் துணை. முற்பகலிலேயே மேகங்கள் பூக்கோசுபோல உயரம் உயரமாக வளர்கின்றனவா என்று கவனியுங்கள். புழுக்கமான நேரத்தில் திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால், மழை சில நிமிடத் தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இடி கேட்டுவிட்டால் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 3 வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. 30 வினாடிக்குள் இடி கேட்டால் மின்னல் உங்களை எட்டும் தொலைவில் இருக்கிறது. கதிர் நனைந்தாலும் பரவாயில்லை, மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே வெளியே வாருங்கள்.