ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆனால் கை கால் வரவில்லை

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லையாம் டாக்டர், அப்ப நடிக்கிறாளா?" தேனி மாவட்டம் கம்பத்தில் என் அறையில் இந்தக் கேள்வியை நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். நடிப்பே இல்லைங்க. செயல்பாட்டு நரம்பியல் கோளாறு என்று இதற்குப் பெயர். ஸ்கேனில் தெரிகிற சேதம் இருக்காது, ஆனால் மூளை உடம்பை இயக்குகிற விதத்தில் பிசகு இருக்கும், வேதனையும் நிஜம்.

கம்பமெட்டு மலைப்பாதை வழியாக ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற ஓர் அம்மா, வலது கையும் காலும் விழுந்துவிட்டதென்று கோடங்கி, மந்திரித்த கயிறு எல்லாம் பார்த்துவிட்டு வந்தார். படுக்கவைத்து, வலது குதிகாலுக்கு அடியில் உள்ளங்கையை வைத்து, "அழுத்துங்கம்மா" என்றேன். ஒன்றுமில்லை. "சரி, இடது காலைத் தூக்குங்க" என்று அந்தக் காலைத் தடுத்துப் பிடித்தேன், அவர் முக்கித் தூக்கும்போது வராத வலது குதிகால் என் கையைப் பலமாக அழுத்தியது. ஹூவர் என்ற மருத்துவர் 1908இல் சொன்ன சோதனை இது. நினைத்து அழுத்தும்போது வராத பலம், நினைக்காதபோது தானாக வருகிறது, அதாவது காலுக்கான நரம்புப் பாதை அறுந்துபோகவில்லை. கூட வந்த மகனையும் கைவைத்துப் பார்க்கச் சொன்னேன், அதற்கப்புறம் அவர் அம்மாவைத் திட்டவில்லை.

இப்போது இதற்குச் சிகிச்சையாகப் பலர் கேட்பது மூளைக்கான காந்தத் தூண்டல், அதாவது டிஎம்எஸ். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பார்க்கர் குழு கொண்டுவந்தது. தலைமேல் ஒரு கம்பிச்சுருளை (காயில்) வைத்து நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் காந்தப்புலம் கொடுக்கிறார்கள். மயக்க மருந்து கிடையாது, ஷாக் ட்ரீட்மெண்டும் கிடையாது. டக்கென்று சத்தம், மண்டையில் சுண்டினாற்போல் ஓர் உணர்வு, அவ்வளவுதான். மூளையில் கையை இயக்கும் இடத்துக்கு மேலே கொடுத்தால் கட்டைவிரல் தானாகத் துள்ளும். செத்துப்போச்சு என்று நம்பியிருந்த கை அசைவதைக் கண்ணால் பார்ப்பதே சிலருக்குப் பெரிய திருப்பம்.

ஆனாலும் நகையை அடகு வைக்குமுன் யோசியுங்கள். மனச்சோர்வுக்கு 2008லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்த சிகிச்சைதான், ஆனால் இந்தக் கோளாறுக்கு வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, குணம் காந்தத்தாலா நம்பிக்கையாலா என்று பிரித்துச் சொல்ல இன்னும் முடியவில்லை. நோயைப் பொறுமையாக விளக்குவதும், இதற்கென்றே பழகிய ஃபிசியோதெரபியும், தேவைப்பட்டால் மனநல சிகிச்சையும்தான் அடிப்படை, இவை இல்லாமல் வெறும் காந்தம் மட்டும் வைக்கிற இடத்துக்கு நான் யாரையும் அனுப்புவதில்லை. தலைக்குள் உலோக கிளிப், காதில் கேட்பதற்காக உள்ளே பொருத்திய காக்ளியர் கருவி, நெஞ்சில் பேஸ்மேக்கர், முன்பு வந்த வலிப்பு, எதுவானாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், திடீரென்று கை கால் விழுந்தால் இதுவாகத்தான் இருக்கும் என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். மூளை ரத்தக்குழாய் அடைப்பாக இருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு, மலை இறங்குவதற்கே அதில் ஒரு பங்கு போய்விடும்.