பொம்மை ஷட்டிலில் உப்புத்தாளை வைக்கும் முன்

பள்ளிகளுக்கும் அறிவியல் கண்காட்சிகளுக்கும் மாதிரிகள் செய்து கொடுப்பது என் தொழில். கேட்டு வருபவர்களில் பலர் கடையில் வாங்கிய பொம்மையையே கையில் கொண்டுவந்து, "இதை அசல் மாதிரி ஆக்கிக் குடுங்க" என்பார்கள். வீட்டிலேயே பிள்ளைகளோடு உட்கார்ந்து திருத்திப் பார்க்கிற பெற்றோரும் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கல்பனா சாவ்லா பற்றிய கண்காட்சிக்காக ஒரு பள்ளியிலிருந்து பொம்மை ஷட்டில் (விண்வெளி ஓடம்) ஒன்று வந்தது. அவர் 1997இலும் 2003இலும் இரண்டு முறை விண்வெளிக்குப் போனார். இரண்டு முறையும் கொலம்பியா ஓடத்தில்தான். பொம்மையிலும் கொலம்பியா என்றுதான் அச்சடித்திருந்தது. ஆனால் கொலம்பியாவுக்கே உரிய அடையாளங்கள் எதுவும் அதில் இல்லை. இறக்கை உடலோடு சேரும் முன்பகுதியின் மேல்புறம் கறுப்பாக இருக்க வேண்டும். வால் நுனியில் சிறு உருளை ஒன்று இருக்க வேண்டும். விண்வெளியிலிருந்து காற்றுமண்டலத்துக்குள் திரும்பும்போது இறக்கை எவ்வளவு சூடேறுகிறது என்று பார்க்க அகச்சிவப்புக் கேமரா வைத்திருந்த கூடு அது.

முதலில் சத்தம் எழுப்பும் பெட்டியைத் திறந்து பட்டன் பேட்டரிகளைக் கழற்றினேன். இதை எப்போதும் முதல் வேலையாகச் செய்யுங்கள். கழற்றியதை மேஜையில் விடாதீர்கள். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்துபோகும். விழுங்கிவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அடுத்து அளவு. அசல் ஓடத்தின் நீளம் 37.2 மீட்டர், பொம்மை 26 சென்டிமீட்டர். ஆக, ஏறக்குறைய 144இல் ஒரு பங்கு. அந்தக் கணக்குப்படி 23.8 மீட்டர் இறக்கை அகலம் 16.5 சென்டிமீட்டராக வர வேண்டும். காலிபரை வைத்துப் பார்த்தால் 18 இருந்தது. பக்கத்துக்கு ஏழரை மில்லிமீட்டர் அறுத்தேன். இறக்கையின் முன்விளிம்பு உடலை ஒட்டி 81 டிகிரியும் வெளிப்பக்கம் 45 டிகிரியும் பின்சாய்ந்திருக்க வேண்டும். அந்த முறிவு சரியாக வந்தாலே பாதி ஷட்டில் வந்துவிட்டது.

பெரிய வேலை, சூட்டைத் தாங்க ஓடத்தில் ஒட்டியிருக்கும் ஓடுகளில் இருந்தது. பொம்மையின் வயிற்றில் அரை மில்லிமீட்டர் அகலத்துக்குக் கட்டம் கட்டமாகப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். 144ஆல் பெருக்கினால் 7 சென்டிமீட்டர் இடைவெளி! அசலில் ஓடுகளுக்கு நடுவே விரல் நுனிகூடப் போகாது. ஓடே சுமார் 15 சென்டிமீட்டர் சதுரம்தான். இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர். ஆகவே எல்லாப் பள்ளத்தையும் பட்டி வைத்து அடைத்து, சமமாகத் தேய்த்துவிட்டு, கடைசியில் கூரான பென்சிலால் மெல்லிய கோடு போட்டேன்.

அந்தத் தேய்ப்பில்தான் எனக்குப் பயம். பழைய பொம்மையின் பெயின்டில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது 2021 ஜனவரியில்தான். அதற்கு முன் வாங்கியது என்றால் ஈயம் உண்டு என்றே வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். குழந்தை உடம்பில் இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. உலர்ந்த உப்புத்தாளை எடுக்கவே எடுக்காதீர்கள். வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேயுங்கள். தூசி பறக்காமல் சேறாகத் தங்கும். அதை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் வீடு முழுக்கப் பரவும். பிள்ளைக்குத் தேய்க்க ஆசை என்றால் ஒரு புதுப் பிளாஸ்டிக் துண்டைக் கொடுங்கள்.

உடனே ஒட்டுகிற பசையைப் பற்றி என் உடம்பே சொல்லும். தொழிலுக்கு வந்த புதிதில் கைலி கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஒட்டினேன். மூடி கழன்று பசை தொடையில் கொட்டியது. பருத்தித் துணியில் அது பட்டால் வேதிவினை வேகமெடுத்துக் கொதிக்கிற சூடு வரும் என்று அப்போது தெரியாது. துணியிலிருந்து புகை வந்தது. பதறிப்போய்ப் பிய்த்ததில் தோலும் சேர்ந்து வந்தது. தழும்பு இன்றும் இருக்கிறது. அப்படி நேர்ந்தால் துணியை இழுக்காமல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். விரல்கள் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு மெல்ல உருட்டிப் பிரிக்கலாம். கண்ணில் பட்டால் இமையைப் பிரிக்க முயலாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். வழிந்த பசையைப் பஞ்சால் துடைக்கவே கூடாது.

சூடான கத்தியால் அறுப்பதும் வேண்டாம். ரப்பர் போல வளைகிற பாகம் பெரும்பாலும் பி.வி.சி.; கருகினால் நெஞ்சை எரிக்கும் அமிலப் புகை வரும்.

ஸ்ப்ரே அடிக்கும்போது பலர் என்-95 முகக்கவசம் போட்டுக்கொண்டு தைரியமாக இருக்கிறார்கள். அது துகளைத் தடுக்கும். தின்னர் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரித்துகள் வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். மொட்டை மாடியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று அடியுங்கள். அடுத்த அறையில் பூஜை விளக்கோ அடுப்போ எரிந்துகொண்டிருக்க, ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஸ்ப்ரே அடித்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆவி தீப்பிடிக்கும்.

வால் நுனிக் கூட்டை ஒரு பால்பாயின்ட் ரீஃபில் துண்டில் செய்து, முனையைப் பட்டி வைத்து உருட்டினேன். இறக்கையடியைக் கறுப்பாக்கினேன். பெயர் சரக்கறைக் கதவில் இருந்தது. 1981இல் கொலம்பியா முதலில் பறந்தபோது அங்கேதான் இருந்தது. கல்பனா போன காலத்தில் விமானி அறை ஜன்னலுக்குக் கீழே வந்துவிட்டது. அதனால் கதவில் இருந்ததைத் தேய்த்தெடுத்துவிட்டு ஜன்னலுக்குக் கீழே எழுதினேன்.

பள்ளிக்கு உடனே கொடுக்கவில்லை. காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் வைத்திருந்தேன். ஏழாம் நாள் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். தின்னர் வாடை இல்லை. அதன் பிறகுதான் பெட்டியில் வைத்தேன்.