நேராக மூழ்குவது லேசான வேலையல்ல

"பழைய போர்க்கப்பலை ஸ்கூபா வீரர்களுக்காக மூழ்கடிக்கிறார்களே, அடியில் ஓட்டை போட்டால் தானாகப் போய்விடாதா? இதற்கு எதற்குப் பொறியாளர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போய்விடும். எந்தப் பக்கமாகப் போய் விழும் என்பதில்தான் வம்பு.

அமெரிக்காவின் புளோரிடாவில், கீ லார்கோ அருகே 2002 மே 17 அன்று நடந்ததைப் பாருங்கள். 'ஸ்பீகல் குரோவ்' 155 மீட்டர் நீளம். தரையிறங்கு படகுகளை வயிற்றுக்குள் சுமந்தபடி 1956 முதல் 1989 வரை பணியில் இருந்த கப்பல். குறித்த நேரத்துக்குச் சில மணி முன்னதாகவே மூழ்கத் தொடங்கி, தலைகீழாகப் புரண்டு, மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றது. மூன்று வாரங்களுக்கும் மேல் போராடி, ஜூன் 10 அன்று வலப்பக்கமாகப் படுக்க வைத்தார்கள்.

சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, அதே மே 17. அதே புளோரிடாவின் பென்சகோலாவுக்குத் தெற்கே 271 மீட்டர் நீள விமானந்தாங்கி 'ஓரிஸ்கனி' 37 நிமிடங்களில் 65 மீட்டர் ஆழத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தது. நாள் ராசியில்லை என்று முதல் கப்பலுக்குச் சொன்னவர்கள் இருந்திருந்தால், இரண்டாவதற்கு என்ன சொல்வார்களோ!

ஓரிஸ்கனியின் பணிக்காலம் 1950 முதல் 1976 வரை. கொரியா, வியட்நாம் என இரண்டு போர்கள். 1966இல் மெக்னீசிய ஒளிக்குண்டு பற்றியெரிந்த தீயில் 44 பேர் மாண்டார்கள். ஓடியது 26 ஆண்டு. ஓய்வுபெற்றபின் கிடந்தது அதைவிட அதிகம்.

மூழ்கடிக்குமுன் எண்ணெய், கல்நார், நச்சு வண்ணப்பூச்சு எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டும். ஓரிஸ்கனியின் மின்கம்பி உறைகளில் சுமார் 700 பவுண்டு பிசிபி நச்சு அப்படியே விடப்பட்டது. கம்பிகளை உரித்தெடுக்கும் செலவுக்குப் பயந்து இப்படி விடுவது எனக்கு உடன்பாடில்லை. 2012இல் அமெரிக்கக் கடல்சார் நிர்வாகமே 1985க்கு முன் கட்டிய கப்பல்களை இதற்குத் தருவதில்லை என்று முடிவெடுத்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். வாய்விரிந்த தாம்பாளத்தில் ஆரத்தி நீரை ஏந்தி நடந்து பாருங்கள். கை கொஞ்சம் சாய்ந்தால் நீர் முழுக்க அந்தப் பக்கம் ஓடும், தட்டு மேலும் சாயும். அதே நீரைச் செம்பில் ஊற்றினால் அந்தத் தொல்லை இல்லை. கப்பலுக்குள் பாதி நிரம்பிய ஒவ்வோர் அறையும் ஒரு தாம்பாளம்தான். அந்த நீர் ஓடுவதால், ஈர்ப்பு மையம் மேலே ஏறிவிட்டதுபோல் கப்பல் நடந்துகொள்ளும்.

எவ்வளவு ஏறும்? அறையின் நீளத்தை அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தால் (அகலம் × அகலம் × அகலம்) பெருக்கி, 12ஆல் வகுத்து, பிறகு கப்பல் இடம்பெயர்க்கும் நீரின் கன அளவால் வகுக்க வேண்டும். 20 மீட்டர் நீளம், 24 மீட்டர் அகலம் கொண்ட ஒரே அறை. இடப்பெயர்ச்சி 7,000 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விடை 3.3 மீட்டர்! நிமிர்ந்து நிற்கப் பல கப்பல்களிடம் இருக்கும் கையிருப்பே ஒன்றிரண்டு மீட்டர்தான். நடுவே நீளவாக்கில் ஒரு தடுப்புச் சுவர் வைத்தால் இது நாலில் ஒரு பங்காக, 0.8 மீட்டராகக் குறைகிறது. நீரின் அளவு மாறவில்லை, அகலம்தான் பாதியானது: ஒவ்வோர் அறைக்கும் எட்டில் ஒரு பங்கு, இரண்டும் சேர்ந்து நாலில் ஒரு பங்கு. மும்மடி செய்யும் வேலை இது. எத்தனை முறை கணக்கிட்டாலும் எனக்கு அலுப்பதில்லை.

அறை முழுதாக நிரம்பிவிட்டால் நீர் ஓட இடமில்லை, ஆபத்தும் போய்விடும். அதனால் கீழறைகளை முதலில், வேகமாக, இருபுறமும் சமமாக நிரப்ப வேண்டும். நீர் உள்ளே வரக் காற்று வெளியேற வேண்டும். கவிழ்த்த டம்ளர்போல் ஒரு பக்க மூலையில் காற்று சிக்கினால் அந்தப் பக்கம் மிதக்கும், மறுபக்கம் சரியும். ஆகவே மேல்தளங்களில் இருபுறமும் ஒரே அளவில் காற்றுத்துளைகள் வெட்டுகிறார்கள். ஓரிஸ்கனியில் வைத்த சுமார் 225 கிலோ வெடிமருந்தும் கப்பலைச் சிதறடிக்க அல்ல, நீருக்கு வழிதிறக்க மட்டுமே.

மேல்தளம் நீருக்குள் போகும் கணம்தான் மிக மோசமானது. கப்பலைத் தாங்கிய அகலமான நீர்க்கோடு (நீர்மட்டம் கப்பலின் உடலைச் சுற்றித் தொடும் இடம்) அப்போது மறைந்துவிடுகிறது. ஓரிஸ்கனி பின்பக்கமாக இறங்கியதன் அனுகூலம் அங்கே தெரியும். நீளம் ஆழத்தைப்போல நான்கு மடங்கு என்பதால், முன்பகுதி இன்னும் மேலே இருக்கும்போதே பின்பகுதி தரையில் ஊன்றிக்கொள்ள முடியும்.

கீழே போனபின்னும் அசைவு நிற்பதில்லை. அலையின் ஆட்டம் அதன் நீளத்தில் பாதி ஆழம்வரை எட்டும். பத்து விநாடிக்கு ஒருமுறை வரும் அலையின் நீளம் 156 மீட்டர், எட்டும் ஆழம் 78. பதினான்கு விநாடியானால் 150 மீட்டரையும் தாண்டும். 2008இல் கஸ்டாவ் புயலுக்குப்பின் ஓரிஸ்கனி 3 மீட்டர் கீழிறங்கியிருந்தது. அதன் ஓடுதளம் இப்போது 44 மீட்டரில் இருக்கிறது. பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு வழக்கமான எல்லை 40 மீட்டர் என்பதால், பெரும்பாலோர் மேலே உள்ள கோபுரத்தைச் சுற்றிவிட்டு ஏறிவிடுகிறார்கள்.

வலப்பக்கமாகப் படுத்துக் கிடந்த ஸ்பீகல் குரோவை நிமிர்த்துவதற்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டியிருக்கவில்லை. 2005 ஜூலையில் டென்னிஸ் புயல் கடந்தபின் இறங்கிப் பார்த்தவர்கள், அது நிமிர்ந்து நிற்பதைக் கண்டார்கள்.