சோலையும் கரடும்

ஏற்காட்டுப் பறவைகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பலரும் ‘ஷோலா காடு’ என்றே எழுதுகிறார்கள். அது நம் ‘சோலை’தான். மரம் அடர்ந்து நிழல் கவிந்த இடத்துக்குத் தமிழில் காலங்காலமாக அதுதான் பெயர். முருகனின் பழமுதிர்சோலையில் இருப்பதும் அதே சொல். ஆங்கிலேயர் வாயில் ‘ஷோலா’ ஆனதை நாம் திரும்ப வாங்கிக்கொண்டோம். சோலை, சோலைக்காடு என்று தாராளமாக எழுதலாம்.

சூழலியலில் இதன் பொருள் கொஞ்சம் குறுகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களில், புல்வெளிக்கு நடுவே, ஈரம் தங்கும் மடிப்புகளில் வளரும் குட்டையான பசுமைமாறாக் காடு மட்டும்தான் அது. அங்கே வாழும் சில சின்னப் பறவைகள் வெப்பமான தாழ்நிலத்தைக் கடப்பதில்லை. அதனால் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓர் இனம், தெற்கே இன்னோர் இனம் என்று பிரிந்துவிட்டன. அவற்றில் ஒரு பேரினத்துக்கு 2017இல் ‘ஷோலிகோலா’ என்று பெயர் வைத்தார்கள். சோலையில் வாழ்வது என்று அர்த்தம். அறிவியல் பெயரிலேயே நம் சொல் இருக்கிறது!

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இந்தப் பறவைகள் கிடையாது. இது கிழக்குத் தொடர்ச்சி. நடுவே காய்ந்த சமவெளி. ஆனால் இங்கே சுமார் 1,620 மீட்டர் உயரச் சிகரம் ஒன்றுக்குச் சோலைக்கரடு என்று பெயர். கரடு என்றால் பாறை துருத்திக்கொண்டு, முள்ளும் புதரும் மண்டிய குன்று. சேலத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘ஸ்க்ரப்’ என்பதற்குப் புதர்க்காடு என்று எழுதுகிறார்கள், சரிதான். ஆனால் அதில் பாறை விடுபட்டுப் போகிறது. இங்கே பாறைதான் முக்கியம். அந்த இடத்துக்குக் கரட்டுக்காடு என்பதே பொருத்தம்.

சின்னான்களையே (புல்புல்) பாருங்கள். சேலம் தெருக்களில் செங்குதச் சின்னான். மேலே ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் செம்மீசைச் சின்னான். இடையில், பாறையும் புதரும் சேர்ந்த சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னான். கூச்சம் மிகுந்த பறவை. பெரும்பாலும் குரல்தான் கேட்கும். முதல் இரண்டும் பல ஊர்களில் உண்டு. மூன்றாவது தென்னிந்தியக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அழிய வாய்ப்புள்ள இனங்களின் உலகப் பட்டியலில் அது இருக்கிறது.

கரட்டைத் தரிசு என்று நினைத்துக் கல் உடைக்கக் கொடுத்துவிடுகிறோம். அப்புறம் வேறு இடத்தில் எத்தனை மரம் நட்டாலும் இந்தப் பறவைக்கு அது உதவாது.