பாஸ்போர்ட்டில் யாரும் படிக்காத ஒரு வரி

அமெரிக்காவில் எட்டு வருஷமாக கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் ஒரு தம்பதி சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தார்கள். “இன்னும் எத்தனை வருஷம் ஆகும், அதை மட்டும் சொல்லுங்க சார்” என்றார் கணவர். இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கிப் புரட்டினேன். இரண்டுமே இந்தியப் பாஸ்போர்ட். மனைவியுடையதில் பிறந்த இடம் குவைத் என்று இருந்தது. “அப்பா அங்கே வேலை பார்த்தார். எனக்கு மூணு வயசிலேயே ஊருக்கு வந்துட்டோம். அது இப்போ எதுக்கு சார்?” என்றார் அந்த அம்மா. முன்பு இவர்கள் வழக்கைப் பார்த்த வக்கீல் அதைப் பற்றிக் கேட்கவே இல்லையாம்.

கிரீன் கார்டு வரிசையை அமெரிக்கச் சட்டம் பிரிப்பது பிறந்த நாட்டை வைத்து. கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தாலும் கணக்கில்லை. இது நூறு வருஷத்துப் பழைய பழக்கம்.

1882-இல் சீனத் தொழிலாளர்களுக்குக் கதவை அடைத்தார்கள். 1917-இல் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதிக்கு. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திண்ட் என்ற இந்தியருக்கே, அவர் வெள்ளையர் அல்ல என்று சொல்லி 1923-இல் உச்ச நீதிமன்றம் குடியுரிமையை மறுத்தது. 1921-இல் வந்த நாட்டுவாரி கோட்டாவை 1924-இல் இன்னும் இறுக்கினார்கள். 1890 மக்கள்தொகைக் கணக்கின்படி எந்த நாட்டில் பிறந்தவர்கள் எத்தனை பேர் அமெரிக்காவில் இருந்தார்களோ, அதில் 2 சதவீதம். ஏன் 1890? இத்தாலியர்களும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் பெருங்கூட்டமாக வந்து இறங்கியது அதற்குப் பிறகுதான். ஆண்டைத் தேர்ந்தெடுத்ததிலேயே உள்நோக்கம் தெரிகிறது.

1946-இல் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 இடம் கிடைத்தது. 1952 சட்டத்தில் இன்னொரு கொக்கி: ஆசிய வம்சாவளியினர் எங்கே பிறந்தாலும் வம்சத்தின் கணக்கில்தான் வருவார்கள். லண்டனில் பிறந்த தமிழரும் இந்தியாவின் அந்த 100-க்குள் முண்டியடிக்க வேண்டும். 1965 அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையடியில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம்தான் இதை ஒழித்தது. வம்சக் கணக்கு போனது, பிறந்த இடக் கணக்கு தங்கிவிட்டது.

1990 சட்டம் வேலை வழியாக வருபவர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,40,000 இடம் என்றது, மனைவி பிள்ளைகளையும் சேர்த்து. எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. ஐஸ்லாந்துக்கும் அதே உச்சவரம்பு, இந்தியாவுக்கும் அதே. மற்றவர்கள் விட்டுவைத்த இடங்கள் கொஞ்சம் நம் பக்கம் வரும்தான், ஆனால் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

சரி, குவைத்துக்கு வருவோம். கணவன் மனைவி இருவரில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்து, இருவரும் சேர்ந்து குடியேறுவதாக இருந்தால், மற்றவரும் அந்த நாட்டு வரிசையில் நிற்கலாம். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இலங்கையிலோ பிறந்த துணை உள்ள எத்தனையோ பேருக்கு இது தெரிவதில்லை. பிள்ளை பிறந்த நாட்டைப் பெற்றோர் காட்ட முடியாது. நடுவில் கனடா குடியுரிமை வாங்கியும் பயனில்லை, இந்தியாவில் பிறந்தவர் இந்திய வரிசையில்தான்.

அதனால் வக்கீலைப் பார்க்கும்போது, அவர் கேட்காவிட்டாலும், இருவரின் பிறந்த இடத்தையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அப்புறம் ஐ-140 என்ற வேலைவழி கிரீன் கார்டு மனுவின் ஒப்புதல் கடிதத்தில் உள்ள பிரயாரிட்டி டேட்டை, அதாவது வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் தேதியைக் குறித்துவைத்து, எந்தத் தேதிவரை முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு 21 வயது நெருங்குகிறது என்றால் உடனே பேசுங்கள். அந்த வயதுக் கணக்குக்குத் தனிச் சூத்திரமே உண்டு, அதைத் தனியாக எழுத வேண்டும்.

அந்த அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் அரபியில் இருக்குமாம், இங்கே கொடுக்க ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். முதலில் அசல் கிடைக்கட்டும். அவருடைய அப்பா கும்பகோணத்தில் பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்துகொண்டிருக்கிறார்.